கறிக்கோழித் தீவனத்தில் மூலிகைகள்: எங்கள் நிலைப்பாடு

கறிக்கோழிகள் வேகமாக எடை போட வேண்டும் என்பதற்காக அன்றாடத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதே, பண்ணையாளர்களும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. அந்த இடத்தில் மஞ்சள், ஓமம், பூண்டு, கீழாநெல்லி போன்றவற்றைப் பயன்படுத்துவதை ஆதரிக்கிறோம். ஆனால் அந்த ஆதரவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த மூலிகை, செடியின் எந்தப் பாகம், டன் தீவனத்துக்கு எத்தனை கிலோ, அதில் வேலை செய்யும் பொருள் எத்தனை சதவீதம் என்ற நான்கு விவரங்களும் தீவன மூட்டையின் மேல் தமிழில் அச்சாகியிருக்க வேண்டும். இந்த நான்கையும் சொல்ல முடியாத கலவை எவ்வளவு பழைய மருத்துவ மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், அதைக் கோழிக்குப் போடக் கூடாது என்று சொல்கிறோம்.

ஆன்டிபயாடிக் தீவனத்துக்குள் வந்தது 1940களின் இறுதியில். அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் இருவரும் கோழித்தீவனத்துக்கு வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்தபின் மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, வைட்டமின் கணக்குக்கு மேலாகவே அவை வளர்ந்தன. நோய் இல்லாத பறவைக்கும் சிறிய அளவில் தினமும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் லாபம் என்ற எண்ணம் அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. அந்தச் சிறிய அளவுதான் சிக்கலே. எல்லாக் கிருமிகளையும் அது கொல்வதில்லை. தாக்குப்பிடிக்கும் கிருமிகளை மட்டும் விட்டுவைத்து, அவை பெருக இடம் கொடுக்கிறது. வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தே கோழித்தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. கொலிஸ்டினை எதிர்க்கும் திறனை ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவச் செய்யும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். இந்திய அரசு உணவுக்கான விலங்குகளிலும் பறவைகளிலும் கொலிஸ்டின் பயன்பாட்டை 2019 ஜூலையில்தான் தடை செய்தது. தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019இல் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அதில் மனித மருத்துவத்தின் பங்கும் பெரியதுதான். ஆனால் நம் ஷெட்டுகளின் பங்கைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. பிறரைக் காட்டி அதைத் தள்ளிப்போட எங்களுக்கு மனமில்லை.

ஆன்டிபயாடிக்கை எடுத்துவிட்டால் தொழில் படுத்துவிடும் என்ற பயத்துக்கு ஐரோப்பாவில் பதில் கிடைத்துவிட்டது. சுவீடன் 1986இலேயே வளர்ச்சித் தூண்டிகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் தடை வந்தது. டென்மார்க்கின் கறிக்கோழிப் பண்ணைகள் 1998வாக்கிலேயே தாமாக நிறுத்திவிட்டன. அங்கே எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடைக்குக் கோழி எடுக்கும் தீனியின் அளவு, மிகச் சிறிதே கூடியது. இறப்பு உயரவில்லை. இந்த உதாரணத்தை அப்படியே பல்லடத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் பெயர்த்து வைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். அவர்களுடையவை மூடிய, குளிரான நாட்டுக் கொட்டகைகள். நம்முடையவை பெரும்பாலும் பக்கவாட்டில் கம்பி வலை அடித்த திறந்த ஷெட்டுகள். சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீனி எடுக்காது, தண்ணீரை மட்டும் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், தரையில் பரப்பிய நார்க்கழிவு லிட்டர் நனைந்து கட்டியாகும். ஈர லிட்டரிலிருந்து கிளம்பும் அமோனியா நம் மூக்குக்கு எட்டும் முன்பே, தரையோடு தலை வைத்துப் படுத்திருக்கும் குஞ்சின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்துவிடும். குடல் கெடுவதற்கு இங்கே வாய்ப்பு அதிகம். ஆகவே குடலுக்குத் துணை செய்யும் ஏதாவது ஒன்று நம் தட்பவெப்பத்தில் கூடுதலாகவே தேவைப்படுகிறது. மூலிகைக்கான நியாயம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. லிட்டரைக் கிளறாமல், தண்ணீர் நிப்பிள் ஒழுகுவதைப் பார்க்காமல், ஒரு பேட்ச் போனபின் ஷெட்டைக் கழுவிக் காயப்போடாமல், மூலிகைப் பொடியால் ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் பண்ணையாளர் அதை நம்ப வேண்டாம்.

மூலிகை என்னதான் செய்கிறது? ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், பாக்டீரியாவின் மேல்சவ்வைச் சிதைக்கும். ஐரோப்பியர்கள் ஆரிகானோ, தைம் செடிகளிலிருந்து எடுத்துத் தீவனத்தில் சேர்ப்பது இதையும் இதன் உறவுப் பொருளான கார்வக்ரோலையும்தான். நம் ஓம எண்ணெயில் தைமால் ஏராளமாக இருக்கும்போது இறக்குமதிச் சரக்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மிளகாயின் காரம் கோழிக்கு உறைப்பதே இல்லை. பாலூட்டிகளின் நரம்பில் காரத்தைப் பிடிக்கும் உணரி, பறவைகளில் அந்தப் பொருளுக்கு அசைவதில்லை. அதனால் நாம் முகம் சுளிக்கும் காரத்தையும் அது தின்றுவிடும். மஞ்சளின் குர்குமின் அழற்சியைத் தணிக்கிறது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் வரும் அஃப்ளடாக்சின் கல்லீரலைத் தாக்கும்போது மஞ்சள் அந்தப் பாதிப்பைக் குறைப்பதாகக் கறிக்கோழிகளில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. இந்த நன்மைகள் உண்மையானவை. ஆனால் ஒவ்வொன்றும் அளவைப் பொறுத்தவை. டன்னுக்கு ஐந்து கிலோ மஞ்சள்தூள் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ எடைக்கு வரும் கோழி அதுவரை சுமார் மூன்றேகால் கிலோ தீனி எடுக்கும். அதாவது அதன் வாழ்நாள் முழுவதற்கும் பதினாறு கிராம் மஞ்சள். குர்குமின் மூன்று சதவீதம் உள்ள நல்ல மஞ்சள் என்றால் சுமார் அரை கிராம் குர்குமின் உள்ளே போகும். சத்துக் குறைந்த மஞ்சளாக இருந்து ஒன்றரை சதவீதமே இருந்தால் கால் கிராம்தான். நிறமும் வாசனையும் எடையும் இரண்டிலும் ஒன்றுபோலத் தோன்றும். கோழிக்குப் போய்ச் சேர்ந்தது பாதி என்பது யாருக்கும் தெரியாது. பெல்லட் போடும்போது தீவன மாவின் மேல் எண்பது டிகிரி அளவில் நீராவி பாய்கிறது. ஓமம் போன்றவற்றின் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் ஒரு பங்கு அங்கேயே பறந்துவிடும். மில்லுக்குள் போட்டது எவ்வளவு என்பதைவிட மூட்டைக்குள் மிஞ்சியது எவ்வளவு என்பதே எங்கள் கேள்வி.

ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, எனவே மூலிகையை நம்ப முடியாது என்பது அறிவியல் தரப்பிலிருந்து வரும் ஆட்சேபம். முரண்பாடு உண்மைதான். அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியக் கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் சரக்கைத் தாவரவியலாளர்கள் பிரித்துப் பார்த்தபோது ஒரே பேரினத்தைச் சேர்ந்த பல இனங்கள் கலந்து கிடந்தன. வயலில் நிற்கும்போது இலைக்காம்பின் அடியில் காய் வரிசையாக இருப்பதையும், சில இனங்களில் தண்டு சிவந்திருப்பதையும் பார்த்து அடையாளம் சொல்லிவிடலாம். காய்ந்து பொடியான பிறகு கண்ணால் சொல்லவே முடியாது. ஒரு ஆய்வில் ஒரு இனம், அடுத்த ஆய்வில் இன்னொரு இனம், அறுவடைக் காலமும் வேறு, உலர்த்திய விதமும் வேறு என்றால் முடிவு எப்படி ஒத்துப்போகும்? இன்னொன்று, பல சோதனைகள் சில நூறு பறவைகளோடு, சுத்தமான கல்லூரிக் கூண்டுகளில் முடிந்துவிடுகின்றன. நோய்க்கிருமியின் நெருக்கடி இல்லாத இடத்தில் எந்தச் சேர்க்கைப் பொருளும் பெரிய வித்தியாசம் காட்டாது. ஆகவே மூலிகை பயனற்றது என்ற முடிவுக்கு அந்த முரண்பாட்டிலிருந்து போக முடியாது. எதைக் கொடுத்தோம் என்று தெரியாமலே கொடுத்திருக்கிறோம் என்பதுதான் அதில் தெரிகிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல்லிலேயே கல்லூரி இருக்கிறது. பண்ணை ஷெட்டுகளில், கோடையிலும் மழைக்காலத்திலும், சேர்க்கைப் பொருள் எதுவும் கொடுக்காத கோழிகளைப் பக்கத்திலேயே வளர்த்து ஒப்பிடும் சோதனைகளை அரசுச் செலவில் அங்கு நடத்த வேண்டும். வெற்றியோ தோல்வியோ முடிவை வெளியிட வேண்டும். விற்கிற நிறுவனமே செய்து, சாதகமானதை மட்டும் காட்டும் சோதனையை ஆதாரமாக ஏற்க மாட்டோம்.

நம் முன்னோர் காலங்காலமாகக் கையாண்ட மூலிகைக்கு ஆய்வகச் சான்று எதற்கு என்ற எதிர்ப்பு மறுபக்கத்திலிருந்து வருகிறது. அந்த மரபின் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்த பூச்சு இன்று தேசியப் பால்வள வாரியமே பரிந்துரைக்கும் முறையாகியிருப்பது அந்த மரபின் வலிமைதான். ஆனால் அந்தப் பூச்சுக்கும் அளவு உண்டு: கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். ஒரு மாட்டுக்கு, நோய் வந்தபோது, கண்ணெதிரே போடும் மருந்து அது. ஐயாயிரம் கோழிகள் பிறந்த நாளிலிருந்து விற்பனை நாள்வரை ஒவ்வொரு வாயிலும் தின்னும் பொருளுக்கு அந்த அனுபவம் அப்படியே பொருந்தாது. வேப்பிலை அளவு மீறினால் கோழி தீனி எடுப்பது குறைந்து எடை விழும். திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், உடல் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலையைத் தடுக்கும். பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் மனிதர்களில் சோதித்தபோது, 20 மில்லிகிராம் பைப்பரின் கூடவே கொடுத்ததில் குர்குமின் ரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடியது. மூலிகைக்கு உதவும் அதே குணம், நோய்க்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக்கையும் உடம்பில் அதிக நேரம் தங்கவைக்கக்கூடும். அப்படியானால் மருந்தை நிறுத்தியபின் இத்தனை நாள் கழித்து விற்கலாம் என்ற கணக்கே மாறிவிடும். மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயம் கலந்த லெட் குரோமேட் சேர்க்கப்பட்டது வங்கதேசத்தில் 2019இல் அம்பலமானது. ஈரத்தோடு மூட்டை கட்டிய மூலிகையில் பூஞ்சையும் வளரும். எனவே ஒவ்வொரு லாட்டுக்கும் கன உலோகம், அஃப்ளடாக்சின் சோதனை கட்டாயம். எழுதாமல் கலந்த ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்ற சோதனையும் சேர்ந்தே நடக்க வேண்டும். தீவனச் சேர்க்கைப் பொருள் என்று பெயர் வைத்துவிட்டால் மருந்துக்குரிய கண்காணிப்பிலிருந்து நழுவிவிடலாம் என்ற இன்றைய ஓட்டையை அடைக்காமல், ஆன்டிபயாடிக் இடத்தில் மூலிகையை வைப்பதில் பயனில்லை.

மூலிகையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நோய் கண்ட மந்தைக்குக் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை நாங்கள் எதிர்க்கவில்லை. ‘ஆன்டிபயாடிக் இல்லாத கோழி’ என்ற விளம்பரத்துக்காகக் குடல் அழற்சியில் துடிக்கும் பறவைகளுக்குச் சிகிச்சை மறுப்பது கொடுமை. சிகிச்சை கொடுத்து, மருந்து நிறுத்தக் காலம் முடிந்தபின் விற்க வேண்டும். ரத்தக்கழிச்சலுக்கு எதிராகச் சேர்க்கும் மருந்துகளை ஐரோப்பாவே இன்னும் அனுமதிக்கிறது. அவற்றை உடனே எடுத்துவிட்டு மூலிகையை வைக்கலாம் என்று இன்றுள்ள ஆதாரத்தை வைத்து எங்களால் சொல்ல முடியாது. தடுப்பூசிக்கு மூலிகை மாற்று என்பதை அறவே மறுக்கிறோம். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதற்குத் தடுப்பூசிதான்.

கடைசியாகச் செலவு. மஞ்சள் கிலோ 150 ரூபாய் என்று வைத்தால், மேலே சொன்ன பதினாறு கிராமுக்கு ஒரு கோழிக்குச் சுமார் இரண்டரை ரூபாய் ஆகும். தீவன ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். ஆனால் இதை யார் தாங்குவது என்பதே எங்களுக்கு முக்கியம். கொங்குப் பகுதியில் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறை. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனம் தருகிறது. பண்ணையாளருக்கு ஷெட், மின்சாரம், உழைப்பு. அதற்கு ஈடாகக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. தீவனத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது நிறுவனம், மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது பண்ணையாளர். மூட்டையின் உள்ளடக்கத்தை எழுத வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். எஃப்.சி.ஆர். நிர்ணயித்த அளவைத் தாண்டினால் கூலி குறைகிறது. ஆன்டிபயாடிக்கை நிறுத்திய முதல் சில பேட்சுகளில், டென்மார்க்கில் நடந்ததுபோல, தீனிக் கணக்கு சற்று ஏறவே செய்யும். அந்த ஏற்றத்தைப் பண்ணையாளரின் கவனக்குறைவாகக் கணக்கெழுதிக் கூலியில் பிடித்தால், சீர்திருத்தத்தின் மொத்தச் சுமையும் அதில் முடிவெடுக்கும் உரிமையே இல்லாதவர் தலையில் விழும். எனவே மாற்றம் நடக்கும் காலத்தில் எஃப்.சி.ஆர். அளவுகோலைத் திருத்தி எழுத வேண்டும், மூலிகையின் விலையை வளர்ப்புக் கூலியில் கழிக்கக் கூடாது என்ற இரண்டையும் ஒப்பந்தப் பத்திரத்திலேயே சேர்க்கும்படி நிறுவனங்களையும், அதைக் கண்காணிக்கும்படி கால்நடை பராமரிப்புத் துறையையும் கேட்கிறோம். இவை பத்திரத்தில் ஏறும்வரை, மூலிகைத் தீவனத்துக்கு மாறச் சொல்லி எங்கள் உறுப்பினர்களை வற்புறுத்தும் எந்தத் திட்டத்துக்கும் நாங்கள் ஒப்புதல் தர மாட்டோம்.