பெயரில்லா முகவரியும் திரும்பி வரும் மின்னஞ்சலும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டபோது, ஒரு பட்டறைக்குத் தேவைப்பட்டவை நிலம், மின்சாரம், சாலை. இன்று அந்தப் பட்டியலில் மின்னஞ்சலும் சேர்ந்துவிட்டது. அனுப்பிய விலைப்புள்ளி வாடிக்கையாளரைச் சேராமல் திரும்பினால், கெடு தாண்டிய பிறகு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சொந்த மின்னஞ்சல் சர்வர் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஜிமெயில் ஒரு கடிதத்தை ‘550-5.7.25’ என்ற எண்ணிட்டு நிராகரித்தால், கடிதம் புறப்பட்ட ஐபி முகவரிக்குப் பெயர் பதிவாகவில்லை, அல்லது பதிவான பெயர் அதே ஐபி முகவரியைக் காட்டவில்லை என்று பொருள். பெயரிலிருந்து எண்ணைக் கண்டறிவது டிஎன்எஸ். எண்ணிலிருந்து பெயரைக் கண்டறிவது ரிவர்ஸ் டிஎன்எஸ். பின்னதற்கான பதிவே பிடிஆர். குப்பை அஞ்சலைத் தடுக்க இது பயனுள்ள சோதனைதான். 2024 பிப்ரவரி முதல் கூகுள் இதை ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்பும் அனைவருக்கும் விதித்திருக்கிறது. நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சல் அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல.

விதியில் எனக்குக் குறையில்லை. அதை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே என் கேள்வி. டொமைனின் பதிவுகளை அதை வாங்கிய நிறுவனம் தானே மாற்றலாம். ஐபி முகவரியோ இணைய சேவை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. பிடிஆர் பதிவை எழுதவோ, எழுதும் உரிமையை வாடிக்கையாளருக்கு வழங்கவோ அந்நிறுவனத்தால்தான் முடியும். டொமைன் விற்றவரிடம் முறையிட்டுப் பயனில்லை.

எனவே, மின்னஞ்சல் திரும்பினால் முதலில் நிராகரிப்புக் குறிப்பில் உள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையில் அந்த எண்ணை இட்டால் பெயர் வருகிறதா, அந்தப் பெயரை இட்டால் அதே எண் வருகிறதா என்று சோதியுங்கள். பொருந்தாவிட்டால், சர்வரின் முழுப் பெயரையும் ஐபி எண்ணையும் குறிப்பிட்டு இணைய சேவை நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாக விண்ணப்பியுங்கள். அடிக்கடி மாறும் ஐபி முகவரியில் இது நிலைக்காது. நிலையான முகவரி வேண்டும், அல்லது வேறொரு அஞ்சல் சேவையின் வழியே அனுப்ப வேண்டும்.

இது ஒருசில நிமிட வேலை. ஆனால், அதைச் செய்யும் பொறியாளரைத் தேடிப் பிடிக்கும் சுமை பட்டறைக்காரரின் தலையில் விழக் கூடாது. நிலையான ஐபி முகவரியைக் கட்டணம் பெற்று விற்கும் நிறுவனங்கள், இணைப்பு விண்ணப்பத்திலேயே பிடிஆர் பெயருக்கு ஓர் இடம் ஒதுக்கட்டும். மாற்றக் கோரினால் எத்தனை நாளில் முடியும் என்பதையும் அறிவிக்கட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைச் சேவைத் தரத்தின் அங்கமாக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தொழில் சங்கங்கள் சாலைக்கும் மின்சாரத்துக்கும் குரல் கொடுப்பதைப் போல இதற்கும் கொடுக்கலாம்.