நகலாகப் போகும் நம் அடையாளம்



வாடகைக்கு வீடு கேட்டால் ஆதார் நகல். வேலைக்குச் சேர்ந்தால் காண்ட்ராக்டருக்கு ஒரு நகல். சீட்டுக் கம்பெனிக்கு ஒன்று, லாட்ஜுக்கு ஒன்று. நம்மவர்கள் ஜெராக்ஸ் கடையில் பத்துப் பத்தாக எடுத்து வைத்துக்கொண்டு பொதுக்கூட்ட நோட்டீஸ்போல் விநியோகிக்கிறார்கள். பிழைக்க வந்த இடத்தில், பாஷையும் சரியாக வராத நிலையில், 'தர மாட்டேன்' என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கேட்பவர்களுக்கும் அது தெரியும்.

கொடுத்த காகிதம் எங்கே போகிறது? பஜ்ஜி மடிக்கப் போனால் பரவாயில்லை. அதை வைத்து எவனோ சிம் கார்டு வாங்கினால், போலீஸ் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே, கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம்! நாம் சரியாகத்தான் புரிந்துகொண்டோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பரில் ஆதார் திட்டம் செல்லும் என்ற அதே நீதிமன்றம், சிம் கார்டுக்கு அதைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றது. 2019 திருத்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் ஒரு வரி உண்டு: ஆணையத்தின் கணினியைக் கேட்காமல் நேரில் சரிபார்ப்பவர், நம் ஆதார் எண்ணை வாங்கவோ சேமித்து வைக்கவோ கூடாது.

அது எப்படி முடியும் என்பீர்கள். ரயிலில் பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்து, கோடு போட்டு, நம்மிடமே திருப்பித் தருகிறார். தன் பையில் போட்டுக்கொள்வதில்லை. ஆதார் தாளிலுள்ள கட்டக் குறியும் அப்படித்தான். பெயர், முகவரி, படம் எல்லாம் ஆணையத்தின் கையொப்பத்தோடு அதிலேயே இருக்கின்றன. கைபேசியில் காட்டிப் பார்த்தால் அசலா போலியா என்று அங்கேயே தெரிந்துவிடும். நகல் எதற்கு?

நகல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். கைரேகையையும் பூட்டி வைக்கலாம். ஆனால் ரேஷன் கடைக்குப் போகுமுன் பூட்டைத் திறக்க மறக்க வேண்டாம்; வெளிமாநிலத்தில் அரிசி வாங்க அந்த ரேகை வேண்டும்.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆயிற்று. கம்பெனிகளுக்கு அதன்பிறகும் 18 மாத அவகாசம். அரசு தன் துறைகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. நம் விவரங்களை அதிகம் வைத்திருப்பதே அரசுதானே! அந்த வழியை அடைக்கச் சொல்லி எம்.பி.க்களுக்கு மனு அனுப்புகிறோம், கையெழுத்திடுங்கள்.

ஞாயிறு மாலைகளில் சங்க அலுவலகத்துக்கு ஆதாரோடு இணைத்த கைபேசியுடன் வாருங்கள். எண் மறைப்பதையும் ரேகை பூட்டுவதையும், ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்று பார்ப்பதையும் தோழர்கள் செய்து காட்டுவார்கள். தாய்மார்களும் வர வேண்டும். நகல் கொண்டுவர வேண்டாம்.