நுரைப் பம்பும் நம் பிள்ளைகளின் கணக்கும்



'ஒழுங்காகப் படிக்காவிட்டால் காடி கழுவத்தான் போவாய்' என்று பிள்ளைகளை மிரட்டும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. வகுப்பறையிலும் கேட்கலாம், வீட்டிலும் கேட்கலாம். இச்சொல் இரண்டு வகையில் பிழையானது. முதலாவதாக, உழைத்துப் பிழைப்பவரை அது இழிவுபடுத்துகிறது. இரண்டாவதாக, மகிழுந்து கழுவும் தொழிலுக்குப் படிப்பே வேண்டியதில்லை என்ற பொய்யைப் பிள்ளைகளின் மனத்தில் விதைக்கிறது. அந்தப் பொய்யைப் பற்றித்தான் இங்கு எழுத விழைகிறேன்.

2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின்னர், என் முன்னாள் மாணவர்கள் சிலர் வீடு தேடிச் சென்று மகிழுந்து கழுவும் தொழிலில் இறங்கினர். மோட்டார் சைக்கிளின் பின்புறம் ஒரு பெட்டி. அதற்குள் வாளி, துணி, சவர்க்காரம், தெளிக்கும் பம்பு. தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளின் வாகன நிறுத்துமிடங்களிலும் இவர்களைக் காணலாம். எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிவு செய்ய 60 ரிங்கிட். கடை வாடகை இல்லை. ஆதலால் குறைந்த முதலில் தொடங்கக்கூடிய நேர்மையான தொழில் இது.

இத்தொழிலில் முதலில் பணத்தை விழுங்குவது சவர்க்காரம் தெளிக்கும் பம்புதான். அதைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் இளைஞன் வெல்கிறானா தோற்கிறானா என்பது பெரும்பாலும் அவன் நம்மிடம் கற்ற கணக்கையும் அறிவியலையும் பொறுத்தது. இது என் உறுதியான கருத்து.

மாணவர் ஒருவர் சேமித்த பணத்தோடு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து, இணைய அங்காடியில் பெரியதொரு பேட்டரி பம்பை வாங்கினார். காணொளியில் வெண்பனி போல் நுரை பொழிந்தது. அதை நம்பி வாங்கினார். மூன்றே வாரத்தில் உள்ளிருந்த ரப்பர் வளையங்கள் உப்பிச் சிதைந்தன. லாரி கழுவப் பயன்படும் கடுங்காரச் சவர்க்காரத்தை அதில் ஊற்றியிருக்கிறார். விற்றவரிடம் மாற்று வளையம் இல்லை. "பம்பு கெட்டுவிட்டது ஐயா, இனி என்ன செய்வது?" என்று என்னிடம் வந்து கேட்டார். கெட்டது பம்பு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் சேமிப்பும்தான்.

ஆகவே, இத்தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகள் பம்பு வாங்குமுன் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்துகிறேன்.

1. நுரை எதற்கு?

'ஸ்னோ வாஷ்' என்ற பலகை இந்நாட்டில் பல இடங்களில் தொங்குகிறது. நுரை தடிமனாக இருந்தால் வண்டி நன்கு துப்புரவாகும் என்று வாடிக்கையாளரும் நம்புகின்றனர். உண்மையில் நுரையின் வேலை, சவர்க்கார நீரை வண்டியின் மேல் சில நிமிடங்கள் தங்க வைத்து அழுக்கை ஊற வைப்பதும், துடைக்கும்போது மணல் துகள்கள் சாயத்தைக் கீறாதபடி வழுக்கலைத் தருவதும் ஆகும். தேவையானது வண்டி முழுவதும் சீராகப் படியும் ஈரமான நுரையே. நம் நாட்டு வெயிலில் சூடேறிய முன்மூடியின் மேல் நுரை விரைவில் காய்ந்து கறையாகப் படியும். எனவே நிழல் தேடி வேலை செய்வதும், நுரை காயுமுன் கழுவி முடிப்பதும், எத்தனை விரல் கனத்தில் நுரை நிற்கிறது என்பதைவிட முக்கியம்.

2. வேலை செய்யும் இடத்தில் என்ன உண்டு?

வாட்டர் ஜெட் எந்திரத்தில் பொருத்தும் நுரைக் குப்பி மிகச் சிறந்த நுரையைத் தரும். ஆனால் அதற்கு மின்சாரமும் தொடர்ந்து நீரும் வேண்டும். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் குழாயும் இல்லை, மின்செருகியும் இல்லை. அங்கே கைகொடுப்பவை மூன்று: ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொள்ளும் கைப்பம்பு; ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும் கையழுத்தத் தொட்டி; பேட்டரியில் இயங்கும் பம்பு. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். பத்து லிட்டர் தொட்டியை நிரப்பினால் தொட்டியின் எடையோடு பத்து கிலோவுக்கு மேல் ஆகும். மின்தூக்கி பழுதான நாளில் அதைப் படியேற்றப் போவது யார் என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?

ஒரு மைவி மகிழுந்துக்கு 700 மில்லிலிட்டர் சவர்க்கார நீர் தேவை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு வண்டியென்றால் 5.6 லிட்டர். இரண்டு லிட்டர் கைப்பம்பில் காற்றுக்கு இடம்விட்டு ஒன்றேகால் லிட்டர் ஊற்றினால், ஐந்து முறை நிரப்ப வேண்டியிருக்கும். நாளுக்கு மூன்று வண்டி மட்டுமே கிடைக்கும் தொடக்கக் காலத்தில் இது பெரிய தொல்லையன்று. இரண்டு முறை நிரப்பினால் போதும். எட்டு, பத்து வண்டி என்று உயர்ந்த பின்னர்த் தொட்டியையோ பேட்டரி பம்பையோ நாடலாம். தொழில் வளர்ந்த பின் கருவி வளரட்டும். பெரிய கருவியை வாங்கிவிட்டால் வண்டிகள் தாமாகத் தேடி வரும் என்று எண்ணிக் கடன் வாங்குவது தலைகீழ்க் கணக்கு.

4. ஏன் முழுவதும் நிரப்பக் கூடாது?

இதற்கு விடையைத் தந்தவர் 1662இல் தம் விதியை வெளியிட்ட இராபர்ட் பாயில். வெப்பநிலை மாறாதபோது, அடைபட்ட காற்றின் இடம் இருமடங்கானால் அழுத்தம் பாதியாகும். இரண்டு லிட்டர் பம்பில் ஒன்றரை லிட்டர் நீர் ஊற்றினால் காற்றுக்கு அரை லிட்டர் இடமே எஞ்சும். அழுத்தமானி 2 பார் காட்டும்வரை அடித்துவிட்டு அரை லிட்டரைத் தெளித்தால், மானி ஏறக்குறைய அரை பாருக்கு இறங்கிவிடும். வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இது விளங்கும்: உள்ளிருந்த 3 பார், பாதியாகி ஒன்றரை பார் ஆகிறது, அதில் ஒன்றைக் கழித்தால் அரை. அதே பம்பில் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றியிருந்தால், அரை லிட்டர் தெளித்த பின்னும் மானி ஏறக்குறைய ஒரு பார் காட்டும். நுரையோடு சிறிது காற்றும் வெளியேறுவதால் இவ்வெண்கள் சற்றுக் குறையலாம். ஆனால் போக்கு மாறாது. கூடுதலாக ஊற்றியவன் கூடுதல் தடவை பம்பு அடித்துத் தோள்வலி கொள்வான்.

5. உள்ளே இருக்கும் வளையம் எது?

பம்பின் உயிர் அதன் ரப்பர் வளையத்தில் உள்ளது. ஈ.பி.டி.எம். வகை ரப்பர் காரத்தைத் தாங்கும். பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய் பட்டால் உப்பிவிடும். நைட்ரைல் வகை எண்ணெயைத் தாங்கும். வைட்டான் எண்ணெயையும் பல அமிலங்களையும் தாங்கும். கடுங்காரம் அதற்கு ஆகாது. வண்டியின் உடலுக்கான ஷாம்பு பெரும்பாலும் நடுநிலையானது. சக்கரத்துக்கான நீர்மங்களில் அமிலம் கலந்தவை உண்டு. கொழுப்பு நீக்கும் நீர்மங்களில் பல காரத்தன்மை உடையவை. நம் அறிவியல் பாடத்தில் லிட்மஸ் தாளைத் தோய்த்து நிறமாற்றம் கண்ட மாணவன், இருபது வயதில் பம்பின் பெட்டியைப் புரட்டி 'இது எதைத் தாங்கும்?' என்று கேட்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். வளையமும் தெளிப்பு முனையும் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, கிடைத்தால் முதல் நாளே ஒரு தொகுதி கூடுதலாக வாங்கி வைப்பது நன்று. உதிரிப்பாகம் கிடைக்காத பம்பு எவ்வளவு மலிவாயினும் விலை மிகுந்ததே.

6. கலவை விகிதம் புரிகிறதா?

புட்டியில் 1:50 என்றிருந்தால் ஒரு பங்கு சவர்க்காரத்துக்கு ஐம்பது பங்கு நீர். மொத்தம் ஐம்பத்தொரு பங்கு. நாளுக்கு 5.6 லிட்டர் கலவைக்குச் சவர்க்காரம் ஏறக்குறைய 110 மில்லிலிட்டர் போதும். ஐந்து லிட்டர் கலன் 45 நாள் வரும். கண்ணளவில் ஊற்றி, தன்னையறியாமல் 1:20 ஆக்கிவிட்டால், அதே கலன் 19 நாள்கூட வராது. மிகுதியான சவர்க்காரத்தை அலசக் கூடுதல் நீரும் வேண்டும். அதுவும் கால்வாய் வழியே ஆற்றுக்குத்தான் போகும். விகிதக் கணக்கைத் தாளில் சரியாகச் செய்த மாணவன் அளவுக் குவளை இல்லாமல் தொழில் செய்தால், நாம் கற்பித்தது எங்கே போயிற்று?

இவற்றோடு பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். அழுத்தம் மிகும்போது தானே காற்றை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு இல்லாத பம்பை வாங்கவே கூடாது. மூடியைத் திறக்குமுன் அந்த வால்வை இழுத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அழுத்தம் ஏற்றிய பம்பை வெயிலில் விட்டுச் செல்லக் கூடாது. மாலையில் வெறும் நீரை ஊற்றித் தெளித்து முனையைக் கழுவினால், சவர்க்காரம் உள்ளே காய்ந்து அடைக்காது.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. முதுகில் பம்பு சுமப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. இரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நம் பாட்டிமார்களும் அன்னையர்களும் களைக்கொல்லிப் பம்பைச் சுமந்தனர். அதில் ஊற்றப்பட்ட மருந்துகளுள் ஒன்று பாராகுவாட். அந்நஞ்சு 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் தடை நீக்கப்பட்டு, 2020 சனவரி முதல் நாள்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அந்தப் பம்பை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எந்த விகிதத்தில் கலந்தது, வளையம் கசிந்தால் முதுகில் வழிவது எது என்று கேட்கும் நிலையிலும் பலர் இல்லை. பெயரன் இன்று தன் பணத்தில், தன் தொழிலுக்கு, தானே ஒரு பம்பைத் தேர்ந்தெடுக்கிறான். கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு வந்திருக்கிறது. என்ன கேட்பது என்ற அறிவைத் தர வேண்டியது நாம். இதையொட்டி ஓர் எச்சரிக்கையும் உண்டு: களைக்கொல்லிக்குப் பயன்படுத்திய பழைய பம்பை எவ்வளவு கழுவினாலும் இத்தொழிலுக்கு எடுக்க வேண்டா.

ஆசிரியர் தோழர்களே, 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. தேர்வுத் தாளுக்காக மட்டும் கணக்கைக் கற்பித்தோம் என்று இனி நாம் சொல்ல முடியாது. ஒரு கைப்பம்பையும் அளவுக் குவளையையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். வெறும் நீரை வைத்தே விகிதம், கொள்ளளவு, எடை, காற்றழுத்தம் ஆகிய நான்கையும் ஒரே பாடவேளையில் தொட்டுக் காட்டலாம். பின்வரிசையில் உறங்கும் மாணவன்தான் முதலில் எழுந்து வருவான்.

பெற்றோர்களே, உங்கள் மகன் இத்தொழிலைத் தொடங்கப் போவதாகச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். உடனே நகையையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுங்கள். நாளுக்கு எத்தனை வண்டி, எந்தச் சவர்க்காரம், எத்தனை லிட்டர், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினால் பம்பு வாங்க அவனோடு நீங்களும் கடைக்குச் செல்லுங்கள்.