யார் பணம்? யார் எஜமான்?

தேர்தல் வந்துவிட்டால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நம் ஜனங்களில் பலர் கேட்கிற முதல் கேள்வி, "இந்தத் தடவை தலைக்கு எவ்வளவு?" என்பதேயாகும். "நாம் எவ்வளவு கொடுத்தோம்?" என்று எந்த வாக்காளராவது தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதுண்டா என்று நாம் கேட்கின்றோம்.

"ஏழையிடம் காசு வாங்கித் தேர்தல் நடத்துவதாவது!" என்று சிலர் சிரிக்கலாம். அவர்களுக்குத் திருச்சியே பதில் சொல்லும். 1938-ஆம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி, கட்டாய இந்தியை எதிர்த்து உறையூரிலிருந்து சுமார் 100 பேர் கொண்ட தமிழர் படை சென்னைக்குக் கால்நடையாகப் புறப்பட்டது. குமாரசாமி பிள்ளையும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும், பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் முன்நின்றார்கள். 42 நாள் நடந்து, இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்களைக் கண்டு, சென்னை சேர்ந்தார்கள். வழிநெடுக ஊரார் இட்ட சோறே அப்படைக்குப் பலம். 1940-இல் கட்டாய இந்தி வாபசாயிற்று.

பிறகு 1956-இல் இதே திருச்சியில் கூடிய தி.மு.க. மாநாடு, தேர்தலில் நிற்கலாமா என்று பெட்டி வைத்துக் கூட்டத்தையே கேட்டது. 56,942 பேர் நிற்கலாம் என்றும், 4,203 பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். 1967 தேர்தலுக்கு 10 லட்சம் ரூபாய் வேண்டுமென்று அண்ணாதுரை கேட்க, பொருளாளர் கருணாநிதி 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார். அத்தேர்தலில் ஆட்சியும் கைக்கு வந்தது.

நிற்க, பின்னால் நடந்தது என்ன? யார் கொடுத்தார் என்று ஜனங்களுக்குத் தெரியாமலே கட்சிகள் பணம் வாங்குவதற்குத் "தேர்தல் பத்திரம்" என்று ஓர் ஏற்பாடு 2018-இல் வந்தது. 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்றது. கணக்கு வெளியானபோது, அதே தி.மு.க. 656 கோடி வாங்கியிருந்தது. அதில் 509 கோடி ஒரே லாட்டரிக் கம்பெனி கொடுத்தது! பாரதிய ஜனதா கட்சி வாங்கியதோ 6,000 கோடிக்கு மேல். கம்பெனிக்காரன் இதைத் தர்மத்துக்கா கொடுத்தான்? பணம் போட்டவன் பலன் கேட்காமல் விடுவானா?

அப்படிச் சேருகிற பணம் எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. 2016-இல் நமது பக்கத்துத் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் வாக்காளருக்குப் பணம் கொடுத்ததற்காகத் தேர்தலே நிறுத்தப்பட்டது. நோட்டு வாங்கினவன் பிறகு சாக்கடைக்கு வழி கேட்டால், "உனக்குத்தான் அன்றே கொடுத்தாயிற்றே" என்ற பதில்தானே கிடைக்கும்?

கணக்குப் பார்ப்போம். ஒரு சட்டசபை வேட்பாளர் செய்யலாகும் செலவு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். ஸ்ரீரங்கம் தொகுதியில் 2021-இல் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர் இருந்தனர். தலைக்கு 14 ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு டீக்காசு! கோடீசுவரன்தான் நிற்க முடியும் என்பது சோம்பேறிப் பேச்சேயன்றி வேறென்ன?

ஆனால் நம்மவர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். உண்டியல் குலுக்குவதில் நாம் காட்டும் வேகம் கணக்குக் காட்டுவதில் இருப்பதில்லை. ஸ்ரீரங்கம் கோவில் உண்டியலைக்கூட அதிகாரிகள் முன்னிலையில் எண்ணி, தொகையைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறார்கள். கடவுள் பேரால் வாங்கின காசுக்கே கணக்கு உண்டென்றால், மனிதன் பேரால் வாங்கின காசுக்கு இல்லாமற் போகலாமா? 20,000 ரூபாய்க்கு மேற்பட்டால்தான் கட்சிகள் பெயர் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாமோ பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுக்க வேண்டும். வரவு செலவைத் தெருமுனைப் பலகையில் வாராவாரம் எழுதி வைக்க வேண்டும்.

தோழர்களே! வாங்குகிற கை என்றும் கீழேதான் இருக்கும். பத்து ரூபாய் கொடுத்துக் கணக்குக் கேட்கிறவனே எஜமான். ஆயிரம் ரூபாய் வாங்கி வாய் மூடுகிறவன் அடிமை. இவ்விரண்டில் எது சுயமரியாதை என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.