குத்துமதிப்பு ஆற்றுக்கு உதவாது

நம்ம ஊர் மணிமுத்தாறு வறண்டால் போதும், "மரம் நடுங்கள், தண்ணீர் வரும்" என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவன் கேட்கிறேன்: எந்த மரம்?

நீலகிரி கிளன்மார்கனில் 1968 முதல் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளின் ஓடைநீரை அளந்தார்கள். 1972இல் ஒன்றில் மட்டும் தைலமரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் அந்த ஓடையில் 16 சதவீதம் நீர் குறைந்தது. அளந்ததால் தெரிந்தது! அமெரிக்காவின் ஹப்பர்டு புரூக் காட்டில் 1963 முதல் மழைநீரையும் ஓடைநீரையும் சோதித்ததால்தான் அங்கே அமில மழை பிடிபட்டது.

அணைக்கு வந்தபின் அளந்தால் எல்லா ஓடையும் கலந்த நீர்தான். எந்தக் காட்டில் என்ன கோளாறு என்று தெரியாது. கல்வராயன் மலை ஓடைகளிலேயே அளக்க வேண்டும், நீரைச் சோதிக்க வேண்டும்.

பீங்கான் மண்ணை எடைபோடாமல் கலக்காத ஊர் விருத்தாசலம். ஆற்றுக்கு மட்டும் ஏன் குத்துமதிப்பு?