கப்பலேறுவதற்கு முந்தைய நாள்



சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து உல்லாசக் கப்பலில் மூன்று நான்கு இரவுகள் கடலில் சென்று திரும்பும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகி வருகிறது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பிள்ளைகளின் நெடுநாள் ஆசை, முதிய பெற்றோருக்குக் கடற்பயணத்தைக் காட்டிவிட வேண்டும் என்னும் நல்லெண்ணம் ஆகியவை அதன் பின்னால் இருக்கின்றன. அத்தகைய கப்பலில் போகலாமா, அங்குள்ள கேளிக்கைகளிலிருந்து எவ்வாறு ஒதுங்கியிருப்பது என்பவை தனியே பேச வேண்டியவை. இங்கு நாம் பேச விரும்புவது, கப்பலேறுவதற்கு முந்தைய நாளைப் பற்றி மட்டுமே.

அந்த நாள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில் வீணாகிறது. ஒன்று, பயண முகவர் விற்கும் முழுநாள் சுற்றுலாத் தொகுப்பை வாங்கி, பேருந்தில் பத்து இடங்களுக்கு இழுத்துச் செல்லப்படுகிறோம். மற்றொன்று, எந்தத் திட்டமும் இன்றி வணிக வளாகங்களிலும் வாடகைக் கார்களிலும் பணத்தைக் கரைக்கிறோம். முதலாவதில் களைப்பும் இரண்டாவதில் செலவும் மிஞ்சுகின்றன. குறைந்த செலவில், நிதானமாக, நாமே திட்டமிட்டுக் கழிக்கும் ஒரு நாள் இவ்விரண்டையும்விட மேலானது என்பது நம் கருத்து. சிங்கப்பூரைப் பொறுத்தவரை, காண வேண்டியவற்றுள் மிகச் சிறந்தவை பலவற்றுக்குக் கட்டணமே கிடையாது.

ஒரு நாள் முன்னதாகச் செல்வது வீண்செலவா?

சிங்கப்பூரில் விடுதி வாடகை அதிகம். ஆகவே, கப்பல் புறப்படும் அன்று காலையிலேயே போய் இறங்கினால் ஓர் இரவு வாடகை மிச்சமாகும் எனப் பலர் கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கு துணிகரமானது. விமானம் தாமதமாகலாம், பெட்டி வந்து சேராமல் போகலாம். கப்பல் புறப்படுவதற்கு வெகுநேரம் முன்னரே பயணிகள் பதிவு முடிந்துவிடும். தவறவிட்ட குடும்பத்திற்காக அது காத்திருப்பதில்லை. ஓர் இரவு வாடகையை மிச்சப்படுத்தப் போய் பயணக் கட்டணம் முழுவதையும் இழக்க நேர்ந்தால் அது சிக்கனம் ஆகாது. அந்த ஓர் இரவைக் காப்பீடாகக் கருதுவோம். அதற்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் எனில், அதனுடன் கிடைக்கும் பகற்பொழுதை நன்றாகப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

புறப்படும் முன்னரே முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள் உள்ளன. முதலாவது விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர்க்குச் சிங்கப்பூர் விசா தேவை. கப்பல் வேற்று நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்புவதாயின், மீண்டும் நுழைய அனுமதிக்கும் விசாவாக அது இருக்கிறதா என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை. அரசின் தளத்தில் அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதையே நிரப்பித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாற வேண்டாம்.

ஒரே ரயில் தடத்தில் ஒரு நாள்

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயிலில் டௌன்டவுன் தடம் என்று ஒன்று உண்டு. சைனாடவுன், தெலுக் ஆயர், பேஃப்ரண்ட், பூகிஸ், லிட்டில் இந்தியா ஆகிய நிலையங்கள் அந்த ஒரே தடத்தில் அமைந்துள்ளன. நாம் கூறப்போகும் இடங்கள் யாவும் இந்நிலையங்களிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளவை. தொடாமல் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையே ரயில் வாயிலில் காட்டி உள்ளே செல்லலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணம் உண்டு.

காலையில் தெலுக் ஆயர் தெருவுக்குச் செல்வோம். இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அத்தெரு, ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. பின்னாளில் கடல் தூர்க்கப்பட்டு நகரம் முன்னே நகர்ந்தது. கப்பலில் வந்தவர்கள் கரையேறிய இடம் அதுவே. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள், அங்கே சூலியாக்கள் என அழைக்கப்பட்டோர், அத்தெருவில் 1827இல் கூரை வேய்ந்த ஒரு சிறு பள்ளியை எழுப்பினர். குச்சுப் பள்ளி என்பது அதன் பழைய பெயர். இன்று அது அல் அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா இருக்கிறது. அங்கே அடக்கத்தலம் இல்லை, அது நினைவில்லம். தர்காக்கள் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் 2011 முதல் அங்கே இயங்கும் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையத்தைக் காண்பதில் எவருக்கும் தடையிராது. சீனர்கள் தங்கள் கடற்பயணம் நலமாக முடிந்தமைக்கு நன்றியாக எழுப்பிய தியான் ஹோக் கெங் கோயிலும் அத்தெருவிலேயே உள்ளது. வெவ்வேறு சமயத்தவரும் ஒரே கரையில் இறங்கி ஒரே உணர்வோடு நின்றிருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

அங்கிருந்து சற்று நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமியா சூலியா பள்ளிவாசல் வரும். 1826இல் நிறுவப்பட்ட அதன் பெயராலேயே அருகிலுள்ள தெரு மாஸ்க் ஸ்திரீட் என வழங்குகிறது. சிங்கப்பூரில் லுஹர் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணியளவில் தொடங்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தொழுகை நேரங்கள் பெரிதும் மாறுவதில்லை. எனவே நேரத்தைச் சுற்றித் திட்டமிடுவது எளிது. ஜமாஅத்துடன் லுஹர் தொழுதுவிட்டு, ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் உணவருந்தலாம். உணவங்காடி நிலையங்களில் சில வெள்ளிகளுக்கே வயிறு நிறையும். குழாய் நீர் குடிக்கத் தகுந்தது. புட்டியைக் கையில் எடுத்துச் சென்றால் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நண்பகலுக்குப் பின் விடுதிக்குத் திரும்பி ஓய்வெடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். அவ்வூரின் புழுக்கமும் திடீர் மழையும் முதியோரைச் சோர்வடையச் செய்யும். மறுநாள் பயணம் காத்திருக்கிறது.

அஸருக்குப் பின் லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலைக் காணலாம். அதன் முகப்பில் சூரிய வடிவம் ஒன்று அமைந்திருக்கிறது. அதன் இருபத்தைந்து கதிர்களில் இருபத்தைந்து நபிமார்களின் பெயர்கள் அரபியில் பொறிக்கப்பட்டுள்ளன. மதரஸாவில் அப்பெயர்களை மனனம் செய்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்துக் கண்டுபிடிப்பதைப் போன்ற விளையாட்டு எந்தக் கேளிக்கைப் பூங்காவிலும் கிடைக்காது.

அங்கிருந்து கம்போங் கிளாம் பகுதிக்கு நடந்தே செல்லலாம். 1932இல் நிறைவுற்ற இன்றைய சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் குவிமாடத்தின் அடியில் ஓடும் கரிய வளையத்தை உற்றுப் பார்ப்பவர் குறைவு. அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆனது. பெருந்தொகை கொடுக்க இயலாத எளியவர்களும் பள்ளி கட்டும் பணியில் பங்கேற்க வேண்டும் என்பதற்காக அவர்களிடமிருந்து பெறப்பட்டவை அப்புட்டிகள். செல்வர் கொடுத்ததும் ஏழை கொடுத்ததும் ஒரே கட்டடத்தில் நிற்கின்றன. அங்கே மஃரிப் தொழுதுவிட்டு, அருகிலுள்ள கடைகளில் முர்தபா சாப்பிடலாம்.

பின்னர் பூகிஸ் நிலையத்தில் ரயிலேறினால் பேஃப்ரண்ட் மிக அருகில். கரையோரப் பூந்தோட்டங்களின் திறந்தவெளிப் பகுதிக்குக் கட்டணம் இல்லை. அங்குள்ள செயற்கைப் பெருமரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நடைபெறும் ஒளிக்காட்சியும் இலவசமே. மஃரிபை அவசரமின்றித் தொழுதுவிட்டு 8.45 காட்சிக்குச் செல்வதே பொருத்தம். இஷாவை விடுதிக்குத் திரும்பித் தொழலாம்.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். பயணிக்குரிய சலுகைகள் நமக்கு உண்டு. கஸ்ராகச் சுருக்கித் தொழுவது ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபினருக்கு உரிய நிபந்தனைகளுடன் ஜம்உ செய்து தொழுவதும் உண்டு. ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த நேரத்திலேயே தொழுவர். புறப்படுமுன் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டால், அன்று குடும்பத்திற்குள் வாக்குவாதம் எழாது.

மலிவு எது, சிக்கனம் எது?

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கட்டணம் இல்லாத இடங்களை மட்டும் பார்ப்பதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பிள்ளைகள் விரும்பினால் கட்டணமுள்ள ஓர் இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று மட்டும். அதுவும் வீட்டிலேயே பேசி முடிவு செய்ததாக இருக்கட்டும். அங்கே போய், விளம்பரப் பலகையைப் பார்த்து, பிள்ளை அழுவதைக் கண்டு எடுக்கும் முடிவுகளே பணத்தைக் கரைக்கின்றன.

அதேபோல், சிக்கனம் என்ற பெயரில் பெற்றோரை வதைப்பதும் தவறு. கப்பலேறும் நாளில் பெட்டிகளோடு ரயில் மாறி மாறிச் செல்ல வேண்டாம். மரினா பே கப்பல் முனையத்திற்கு அருகில் மரினா சவுத் பையர் ரயில் நிலையம் இருக்கிறது என்பது உண்மையே. தோளில் ஒரு பை மட்டும் உள்ள இளைஞர்களுக்கு அது போதும். மூட்டு வலியுள்ள உம்மாவுக்கும் நான்கு பெட்டிகளுக்கும் வாடகைக் காரே தகும். முந்தைய நாள் மிச்சப்படுத்தியதன் பயன் அதுதான். வீண்விரயம் எவ்வாறு தவறோ, செலவிட வேண்டிய இடத்தில் கையை மூடிக்கொள்வதும் அவ்வாறே தவறு.

கப்பலேறும் அன்று காலையில் ஜொகூர் பாருவுக்கோ பாத்தாமுக்கோ போய்வரலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். எல்லையில் வரிசை எவ்வளவு நீளும் என்பது நம் கையில் இல்லை. அக்காலைப் பொழுதில் விடுதியிலேயே பெட்டிகளை வைத்துவிட்டு, அருகிலுள்ள மரினா அணைக்கட்டின் புல்தரை மாடிக்குச் சென்று வரலாம். கட்டணம் இல்லை. ஒரு பக்கம் கப்பல்கள் நிற்கும் கடல். மறுபக்கம் அணையால் நன்னீர்த் தேக்கமாக மாறிய விரிகுடா.

சகோதரர்களே! கப்பலில் நாம் உண்ணப்போகும் உணவும் உறங்கப்போகும் அறையும் விலை கொடுத்து வாங்கியவை; எல்லாப் பயணிகளுக்கும் அவை ஒன்றே. அதற்கு முந்தைய நாளோ நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளத்தக்கது. நம் முன்னோர் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கிய கரையில் நம் பிள்ளைகள் ஒரு முற்பகல் நடந்துவிட்டு, மறுநாள் தாமும் கப்பலேறட்டும். இந்த விடுமுறைக்குத் திட்டமிடுவோர் முகவரின் தொகுப்புக்கு முன்பணம் கட்டுமுன், ஒரு தாளை எடுத்துத் தொழுகை நேரங்களை முதலில் எழுதி, அவற்றுக்கு இடையே இரண்டு மூன்று இடங்களை மட்டும் எழுதிப் பாருங்கள். நாளும் நிறையும், பணமும் மிஞ்சும், இன்ஷா அல்லாஹ்.