வயிற்று வீக்கமெல்லாம் கட்டி அல்ல!

''எங்கள் வெள்ளாட்டை மாடு முட்டி 3 வாரங்கள் ஆகின்றன. வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே தேங்காய் அளவுக்கு வீக்கம் இருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டும் வடியவில்லை. ஆடு நன்றாக மேய்கிறது; 3 மாதச் சினை. 'சீழ் கோத்திருக்கிறது, கீறிவிட்டால் சரியாகிவிடும்' என்கிறார்கள் ஊரில். வியாபாரியோ பாதி விலைக்குக் கேட்கிறார். என்ன செய்யலாம்?''

- வாசகர், கொல்லிமலை.

கீறக் கூடாது. அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். மாடு முட்டிய இடத்தில், தோல் கிழியாமல் இப்படி வீக்கம் நின்றால், அது குடலிறக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை 'ஹெர்னியா' என்றும் சொல்வார்கள்.

ஆட்டின் தோல் இழுபடும் தன்மை கொண்டது. கொம்பு குத்தும்போது தோல் வழுக்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். அதற்கு அடியில் உள்ள வயிற்றுத் தசை கிழிந்துவிடும். இரட்டைச் சாக்கில் உள்சாக்கு மட்டும் கிழிந்தால், அந்த இடத்தில் தானியம் புடைத்து நிற்குமே, அதே கதைதான். அசைபோடும் கால்நடைகளுக்கு இடது பக்கம் பெரிய இரைப்பையும், வலது பக்கம் குடலும் இருக்கும். ஆகவே, வலது பக்கத்து வீக்கத்துக்குள் பெரும்பாலும் குடலும், அதைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வும் இறங்கியிருக்கும். மாடு முட்டுவதால் மட்டுமல்ல. மேட்டு வயலின் வரப்பிலிருந்து உருண்டு விழுவது, வேலி முளையில் மோதுவது போன்றவற்றாலும் இது வரும்.

கட்டியா, குடலிறக்கமா?

சீழ்க்கட்டி தொட்டால் சுடும், வலிக்கும். முதலில் கெட்டியாக இருந்து, பிறகு ஓரிடத்தில் முடி உதிர்ந்து பழுக்கும். அமுக்கினால் உள்ளே போகாது. குடலிறக்கம் மெத்தென்று இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் சிறுத்தும், மேய்ந்து வந்த பிறகு பெருத்தும் தெரியும். ஆட்டை வீக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, உள்ளங்கையால் மெதுவாக அமுக்கினால் உள்ளே போய்விடும். அப்போது தசை கிழிந்த ஓட்டையின் விளிம்பு வளையம்போல விரலுக்குத் தட்டுப்படும். சில நேரம் 'களக் களக்' என்று சத்தமும் கேட்கும்.

ஆனால், உள்ளே போகவில்லை என்பதாலேயே கட்டி என்று முடிவு செய்துவிடக் கூடாது. இறங்கிய குடல் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே போகாது. அந்தச் சந்தேகத்தைக் கால்நடை மருத்துவர்தான் தீர்க்க முடியும். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால், தோலுக்கு நேர் அடியில் இருக்கும் குடல் அறுபடும். சாணமும் கிருமியும் வயிற்றுக்குள் பரவி, ஓரிரு நாள்களில் ஆடு செத்துப்போகும். சூடு போடுவதும் ஆபத்துதான். சூட்டுப் புண்ணில் தோலும் குடலும் ஒட்டிக்கொண்டால், பிறகு அறுவைச் சிகிச்சை செய்வதும் சிரமமாகிவிடும்.

எப்போது அறுவைச் சிகிச்சை?

காயம்பட்ட உடனே தைத்தால், நைந்துபோன தசையில் தையல் நிற்காது. அதனால், ஆடு நலமாக இருந்தால் சில வாரங்கள் பொறுத்து, ஓட்டையின் விளிம்பு நார்போல இறுகிய பிறகு தைப்பது வழக்கம். இந்த ஆட்டுக்கு அந்தக் காலம் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. ஆனால், சினையாக இருப்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளாட்டின் சினைக்காலம் 5 மாதங்கள். மயக்க மருந்து, கிடத்தி வைப்பது இரண்டுமே சினைக்குத் தொந்தரவு தரலாம். ஓட்டை சிறியது, வீக்கம் அமுக்கினால் உள்ளே போகிறது என்றால், குட்டி ஈன்ற பிறகு செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். ஓட்டை பெரியது, வீக்கமும் வளர்கிறது என்றால் காத்திருப்பது நல்லதல்ல. கடைசி இரண்டு மாதங்களில்தான் குட்டிகள் வேகமாக வளரும். வயிற்றின் பாரம் கூடும். ஓட்டை மேலும் கிழியும். இதை ஆட்டை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே, இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

அதுவரை மேட்டில் ஏறி மேய விடாமல் கட்டிவைத்துத் தீவனம் கொடுங்கள். ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். மற்ற மாடு, கிடாக்களோடு அடைக்க வேண்டாம்.

வீக்கம் திடீரென்று கெட்டியாகி வலிப்பது, தீவனம் எடுக்காமல் நிற்பது, புழுக்கை போடாதது, வயிறு உப்புவது, பல்லை நறநறவென்று கடிப்பது... இவற்றில் எது தெரிந்தாலும் குடல் ஓட்டையில் மாட்டி நெரிபடுகிறது என்று அர்த்தம். ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகிவிடும். இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

எப்படிச் செய்கிறார்கள்?

ஆட்டை முந்தைய நாளிலிருந்தே தீவனம் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் கேட்டு அப்படியே செய்ய வேண்டும். வயிறு நிறைந்திருந்தால், மயக்கத்தில் இரை மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடும். ஊசி போட்டு வலி தெரியாமல் செய்து, தோலைத் திறந்து, குடலை உள்ளே தள்ளி, தசை விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பார்கள். வேட்டியின் ஓரத்தை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கட்டுவதுபோல, ஒரு விளிம்பை மறு விளிம்பின் மேல் ஏற்றித் தைக்கும் முறையும் உண்டு. ஓட்டை பெரிதாக இருந்தால் இழுத்துத் தைத்தது பிய்ந்துவிடும். அதற்காகப் பாலிபுரொப்பிலின் வலையை வைத்துத் தைக்கிறார்கள். வலையின் கண்களுக்குள் தசைநார் வளர்ந்து, புதுச் சுவராகிவிடும். மனிதர்களுக்கு இப்படிப் பிளாஸ்டிக் வலை வைப்பதை 1950-களின் இறுதியில் பரவலாக்கியவர், அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் பிரான்சிஸ் அஷர். அதே முறைதான் இன்று ஆடு, மாடுகளுக்கும் உதவுகிறது.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 1985-ல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆடு உருண்டு அடிபடாமல் இருக்க, வண்டியில் வைக்கோல் பரப்பி, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நடக்க முடியாத கால்நடைகளுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் சொன்ன நாள்வரை ஊசிகளை நிறுத்தாமல் போட வேண்டும். தோல் தையலை 10 முதல் 14 நாள்களில் பிரிப்பார்கள். ஒரு மாதமாவது சரிவில் மேய்ச்சலும், கிடா சேர்ப்பதும் கூடாது. காயத்தால் வந்த குடலிறக்கம் குட்டிகளுக்குப் போகாது. நன்றாக ஆறிய பெட்டை மறுபடியும் ஈனும். பாதி விலைக்குத் தள்ளிவிடத் தேவையில்லை.

''எங்கள் கலப்பினக் கன்றுக்கு 2 மாதம் ஆகிறது. தொப்புளில் எலுமிச்சை அளவு வீக்கம். இதுவும் அதுதானா?''

- வாசகர், சேந்தமங்கலம்.

தொப்புள் குடலிறக்கமாக இருக்கலாம். தொப்புள்கொடியில் சீழ் பிடித்திருந்தாலும் வீங்கும். இரண்டும் சேர்ந்தும் வரும். வெறும் குடலிறக்கமாக இருந்து, ஓட்டையில் ஒரு விரல் மட்டுமே நுழைகிறது என்றால், வளர வளரத் தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மூன்று விரல் நுழைந்தாலும், 6 மாதமாகியும் மூடாவிட்டாலும் தைப்பதுதான் தீர்வு. சீழ் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை தேவை.

இந்த வகை, பரம்பரையாகவும் வரும். எனவே, இப்படிப்பட்ட காளைக்கன்றை இனப்பெருக்கத்துக்கு வைக்காமல் காயடித்துவிட வேண்டும். ஒரே காளையின் கன்றுகளில் இது அடிக்கடி தெரிந்தால், அடுத்த முறை வேறு காளையின் விந்து கேளுங்கள். கன்று பிறந்ததும் தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவி, உலர்ந்த தரையில் கட்டினால் சீழ் பிடிப்பதைத் தவிர்க்கலாம்.